பதினோரு பேருக்கும் ‘ஆம்’

எதிர்வீட்டு ஷஃபீனா ‘கடலோரத் தாய்மார் விழிப்பு மன்றம்’ என்று பேனர் கட்டிய அன்று தெருவே திரண்டு வாழ்த்துச் சொல்லப் போனது. நான் பேனரின் கீழ் மூலையைப் பார்க்கப் போனேன். எந்தப் பேனராக இருந்தாலும் அங்கே அடித்துக் கொடுத்த கடையின் பெயரும் செல் நம்பரும் பொடி எழுத்தில் இருக்கும். காரைக்காலில் கருமாதிப் பேனரில்கூட இருக்கும். இதில் இல்லை. அந்த இடம் துடைத்து வைத்தாற்போல வெள்ளையாக இருந்தது.

“யாரு அடிச்சுக் குடுத்தா ஷஃபீனா?” என்றேன்.

“நாங்களேதான் நீலாக்கா. தாய்மாரெல்லாம் சேர்ந்து.”

தாய்மார் என்றால் அன்றைக்கு அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தேநீருக்கும் இறால் பதித்துப் பொரித்த வாடாவுக்கும் வந்தவர்கள்.

ஷஃபீனாவைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் சொல்வேன், ஆனால் இதில் இல்லை. தனியார் பள்ளியில் எட்டு வருடமாக டீச்சர். வீட்டுக்காரர் இக்பால் சார்ஜாவில். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பையன் செல்போனில் தீவிரவாதப் பேச்சு, வீடியோ என்று கண்டதையும் பார்த்து, கண்டவர்களோடு பேசி, கடைசியில் போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. அவனுடைய அம்மா வாசலில் உட்கார்ந்து அழுத படம் பேப்பரில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஷஃபீனா ஒரு வாரம் தூங்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, “பிள்ளையின் போனில் யார் பேசுகிறார்கள் என்று தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்று பேசினாள். அதை யாரோ நெட்டில் போட்டார்கள். மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து வெள்ளைக் காரில் மாறன் வந்து இறங்கினார்.

முப்பது வயது இருக்கும். பால்காரம்மாவைக்கூட ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். “நாங்க ஒரு கம்யூனிகேஷன் கம்பெனிங்க மேடம். மன்றம் உங்களோடது. நாங்க பின்னால சும்மா நிப்போம்” என்று ஷஃபீனாவிடம் சொன்னார். பின்னால் சும்மா நிற்பதற்கு இரண்டு கேமரா, ஒரு லைட், எழுதி எடுத்து வந்த பேச்சு.

அதன் பிறகு பார்சல் வர ஆரம்பித்தது. ஷஃபீனா பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் வரும். கூரியர்காரர் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். பன்னிரண்டு பார்சலை அப்படியே கொடுத்தேன். பதின்மூன்றாவது பார்சல் மூலையில் கிழிந்திருந்தது. நான் கிழிக்கவில்லை. கிழிந்திருந்ததைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

உள்ளே நோட்டுப் புத்தகங்கள், துணிப்பைகள். நடுவில் இரண்டு பக்கம் ஆங்கிலத் தாள். மாறனுக்குப் போகவேண்டியது தவறி இங்கே வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் பள்ளி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார். மேலே டெல்லியில் ஒரு அமைச்சகத்தின் பெயர். அதைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது. கீழே ஒப்பந்த எண். அதற்குக் கீழே விதிகள்: அரசுச் சின்னம் எங்கும் வரக்கூடாது. ஊர்க்காரர்களே ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும். பேச்சு உள்ளூர்த் தமிழில் இருக்க வேண்டும். நோட்டீஸ் ரொம்ப நேர்த்தியாக இருக்கக்கூடாது.

“நேர்த்தியா இருக்கக்கூடாதுன்னு டெல்லியில உக்காந்து எழுதியிருக்கான் பாரு” என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இத யார்கிட்டயும் சொல்லாத” என்றார்.

தாளை உள்ளே வைத்து, டேப் ஒட்டி, பார்சலை ஷஃபீனாவிடம் கொடுத்தேன். விஷயத்தை நான்கு பேரிடம்தான் சொன்னேன்.

இதைக் கேட்டால் ஊர் பயப்படும், மன்றம் காலியாகும் என்றுதான் எண்ணியிருந்தேன். நடந்தது வேறு. பக்கத்து வீட்டு சுல்தான் பீவி கையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு ஓடிவந்தாள்.

“நீலாக்கா, டெல்லி கவர்மெண்டாமே?”

“மெதுவா பேசு.”

“அப்ப ஏதாச்சும் குடுப்பாங்க!”

இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். இது யூனியன் பிரதேசம். அரிசிக்குப் பதில் பணம், தீபாவளிக்குச் சர்க்கரை, வெள்ளம் வந்தால் நிவாரணம், மீன்பிடித் தடைக்கு உதவி. எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு ஆள் நோட்டோடு வருவார், பேரை எழுதுவார். ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா என்று கேட்பார். எழுதிய பேருக்குக் கிடைக்கும், விட்டுப்போன பேருக்கு ஐந்து வருடம் அலைச்சல். பேர் எழுதுகிறார்கள் என்றால் எழுந்து போய் நிற்பதுதான் எங்களுக்குத் தெரிந்த அரசியல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கல்யாண மண்டப மாடி கொள்ளவில்லை. ஷஃபீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தாய்மாருக்குப் புரிய ஆரம்பிச்சிருச்சு நீலாக்கா” என்றாள். நான் இன்னொரு வாடாவை எடுத்துக் கடித்தேன்.

மாறன் ஒரு படிவத்தைக் கொடுத்து, யாராவது எழுதித் தர வேண்டும் என்றார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதோடு, எங்கள் தெருவின் பதினோரு வீட்டுப் பையன்களின் வயது, படிப்பு, போன் நம்பர், எந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. நானாகவே பேனாவை வாங்கினேன்.

சுல்தான் பீவிதான் முதலில். வீட்டுக்காரர் ஹமீது மவுத்தான பிறகு அவளுக்கு இருப்பது ஒரே மகன் அஜ்மீர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஏ.சி. மெக்கானிக். கத்தாரில் ஒரு கம்பெனி அவனை எடுப்பதாகப் பேச்சு. பக்கத்து ஊரான போலகத்தில் தஹ்ஸீன் என்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பையன் விமானம் ஏறட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

பெயர், வயது எழுதி முடித்தேன். கடைசிக் கட்டத்தில், ‘கூடுதல் கவனம் தேவையா? ஆம் / இல்லை’ என்று இருந்தது.

“இதுல என்ன போடட்டும்?”

“இல்லன்னு போட்டா என்ன கிடைக்கும்?”

“இல்லன்னா ஒண்ணுமில்லதான்.”

“அப்ப ஆம்னு போடுங்க. வெள்ளத்தப்ப எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலன்னு உள்ளதச் சொல்லிட்டு நின்னேன். மாடியில இருக்குறவங்க நிவாரணம் வாங்குனாங்க. போதும் நான் உண்மை பேசுனது.”

அவளுக்கு ‘ஆம்’ போட்டதைப் பார்த்துவிட்டு அடுத்தவள் சும்மா இருப்பாளா. “அவ மவனுக்கு மட்டுமா? எம் மவனுக்கும் கவனம் வேணும்” என்றாள். எட்டு முஸ்லிம் வீடு, தச்சர் வீடு, வரிச்சிக்குடியிலிருந்து குடிவந்த சிவப்ரியாவின் வீடு என்று வரிசையாக ‘ஆம்’. நான்காவது வரியில் என் மகன் கலைவாணனையும் எழுதினேன். அவனுக்கும் ‘ஆம்’. வேலை தேடிக்கொண்டிருந்தான். கவனம் தேவைதானே.

மாறன் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் விளக்குப் போட்டாற்போல ஆனது. “பதினொண்ணும் ஆமா! எக்ஸலண்ட் மேடம்” என்றார். கொடுப்பதற்கு முன் தாளை நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்காதீர்கள். எனக்கு அப்படி ஒரு பழக்கம்.

இரண்டு மாதம் போனது. அஜ்மீருக்கு விசா வந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் கத்தாரில் இறங்க வேண்டும், அதற்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் போட்டான். ஆறாம் தேதி விசாரணைக்கு ஒரு ஏட்டு வண்டியில் வந்தார். வழக்கமாகப் பத்து நிமிட வேலை. ஆதார் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள். இவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். நான் அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய எங்கள் கொடியில் காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

“பையன் போன்ல என்ன பாக்குறான்?”

“ஏ.சி. ரிப்பேரு பாக்குறான். கிரிக்கெட்டு பாக்குறான்” என்றாள் சுல்தான் பீவி.

“தாடி எப்பலேருந்து விடுறான்?”

“மொளச்சதுலேருந்துங்க.”

“வேற யார்கிட்டல்லாம் பேசுறான்? எந்த மாதிரி பேச்சு?”

“கம்ப்ரசர் போயிருச்சு, கேஸ் ரொப்பணும், அந்த மாதிரி பேச்சுதாங்க.”

ஏட்டு சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனார். அந்த வாரத்தில் எட்டு வீட்டுக்கும் போனார். தச்சர் வீட்டுக்குப் போகவில்லை. சிவப்ரியா வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அஜ்மீரின் விண்ணப்பம் ‘பரிசீலனையில்’ என்று நின்றுவிட்டது. கத்தார் கம்பெனி நாளுக்கொரு மெசேஜ் அனுப்பியது.

எட்டு வீட்டையும் மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான், எட்டும் நான் எழுதிய தாளில் இருந்தவை என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கே போனில் இருந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். “இந்தத் தாளை எழுதியது நான், இவர்கள் நிவாரணப் பட்டியல் என்று நினைத்தார்கள், என் பிள்ளைக்கும் ‘ஆம்’தான் போட்டிருக்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கலைவாணனுக்கு இப்பதான் கவர்மெண்டு வேலைக்கு வெரிபிகேஷன் நடக்குது. ஒரு வாரம் பொறு. அதுக்கப்புறம் உன் வாய யாரு பிடிக்கப் போறா?”

பொறுத்தேன். ஊர் விஷயம் ஒன்றை நான் ஒரு வாரம் வாயில் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஏழு நாளும் சுல்தான் பீவி என் கண் முன்னால்தான் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை கலைவாணனுக்குச் சரிபார்ப்பு முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் ஷஃபீனாவையும் கூட்டிக்கொண்டு ஏட்டைப் பார்க்கப் போனேன்.

ஸ்டேஷனுக்கு எதிர்த்த டீக்கடையில் நின்றிருந்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“இது நான் எழுதுனதுங்க. எல்லாருக்கும் ஆம்னுதான் போட்டிருக்கு. ஏதாவது குடுப்பாங்கன்னு நெனச்சு எழுதச் சொன்னாங்க. பாருங்க, நாலாவது எம் பையன்.”

அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “கலைவாணன். நேத்து நான்தாங்க முடிச்சு அனுப்புனேன்.”

“அவனுக்கும் ஆம்தானே போட்டிருக்கு?”

“அது வேறங்கக்கா.”

“என்ன வேற?”

“வேறன்னா வேற” என்றார். கோபமாக இல்லை. இதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போன ஆளைப் போலச் சொன்னார். பிறகு சுற்றும் பார்த்துவிட்டு, “நான் கீழ இருக்குறவன். மேல இருந்து பேரு வருது, போய்ப் பாருன்னா பாக்குறேன். அத அடிக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. அந்த மன்றத்துலேருந்து ஒரு லெட்டர் வந்துச்சுன்னா வெச்சு முடிச்சிருவேன்” என்றார்.

“மன்றம் நான்தாங்க” என்றாள் ஷஃபீனா.

“அப்ப நல்லதாப் போச்சு. எழுதிக் குடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் ஷஃபீனா மாறனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். போடாவிட்டாலும் கேட்டிருப்பேன்.

“பேரு தவறுதலா எழுதப்பட்டதுன்னு லெட்டர் குடுக்கப் போறேன் மாறன்.”

“ஐயோ மேடம், தவறுன்னு போடாதீங்க. பட்டியல்ல தவறுன்னா பட்டியல் ஒண்ணு இருக்குன்னு ஆயிரும்ல? அப்படி எதுவும் கிடையாது மேடம். இது மக்கள் மன்றம்.”

“அப்ப எங்க தெரு பேரெல்லாம் போலீசுக்கு எப்படிப் போச்சு?”

“அது எங்களுக்குத் தெரியாது மேடம்.”

“டெல்லிக்குத் தெரியுமா?”

மாறன், “ஒரு ஃபார்மட் இருக்கு. அனுப்புறேன். அதுல கையெழுத்து வாங்கிக் குடுத்தா நாலு நாள்ல வேலை முடியும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் மெல்லக் கேட்டேன். “உனக்கு முன்னாடியே தெரியுமா புள்ள, டெல்லின்னு?”

“நீங்க பார்சலைத் திருப்பி ஒட்டுன செலோ டேப்பு கம்பெனி டேப்பு இல்லன்னு தெரியும்” என்றாள். “மத்ததெல்லாம் தெரியாதுன்னு வெச்சிருந்தேன் நீலாக்கா. தெரிஞ்சிட்டா நிறுத்தணும். எனக்கு நிறுத்த மனசு வரல. நான் பேசுனது பொய் இல்லயே.”

அவள் பேசியது பொய் இல்லைதான்.

ஃபார்மட் வந்தது. அஜ்மீர் கையெழுத்திட வேண்டியது. ‘நான் சில காலம் தவறான கருத்துகளின்பால் ஈர்க்கப்பட்டிருந்தேன். கடலோரத் தாய்மார் விழிப்பு மன்றத்தின் ஆறு ஆலோசனை அமர்வுகளுக்குப் பிறகு அவற்றிலிருந்து முழுமையாக விடுபட்டேன்.’ கீழே மன்றத் தலைவியின் சான்று. கூடவே முகம் தெரியாமல் ஒரு நிமிட வீடியோ.

சுல்தான் பீவி வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர். மின்விசிறி கடகடவென்று ஓடியது. ஏ.சி. மெக்கானிக் வீட்டில் ஏ.சி. இல்லை. ஷஃபீனா தாளைக் கீழே வைத்துவிட்டு, “இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். பேப்பர்காரங்களக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிடுறேன்” என்றாள்.

“நீ பேப்பர்ல சொல்லு, நல்லா சொல்லு” என்றாள் சுல்தான் பீவி. “எம் பேர எழுது, எம் மவன் பேர எழுது. இருபத்தெட்டாந் தேதி போனப்புறம் அந்தப் பேப்பர வெச்சு நான் என்ன செய்ய? உனக்கு மாப்பிள்ளை சார்ஜாவுல இருக்காரு தாயி. எனக்கு யாரு இருக்கா?”

அஜ்மீர் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தான்.

“ஆறு அமர்வு எப்பெப்ப நடந்துச்சு லாத்தா? தேதி போடணும்ல?” என்று ஷஃபீனாவைக் கேட்டான்.

“தம்பி...”

“எதுலேருந்து விடுபட்டேன்னும் சொல்லிக் குடுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் ஒரே மாதிரி சொல்லணும்ல.”

நக்கலா நிஜமா என்று தெரியவில்லை. அவன் முகத்தில் இரண்டுக்கும் தெம்பு இல்லை.

“அத்தை, நீங்கதான் நல்லா எழுதுவீங்க” என்று தாளை என்னிடம் நீட்டினான். “தேதிய நீங்களே போட்டுருங்க.”

ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் காலண்டரில் பார்த்து நான்தான் எழுதினேன். அவன் கையெழுத்திட்டான். கடைசியாக ஷஃபீனாவும் இட்டாள். பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வீடியோவைக் கடற்கரையில் எடுத்தார்கள். அலையைப் பார்த்து நிற்கும் பையன், பின்னாலிருந்து. ஏ.சி. பெட்டி தூக்கித் தூக்கி அஜ்மீருக்கு இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கும். குரலை மாற்றியிருந்தார்கள், தோளை மாற்றவில்லை. நடையை வைத்து ஆளைச் சொல்லும் தெரு எங்கள் தெரு. முதுகு முழுதாகக் கிடைத்தால் விடுமா.

நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. இருபத்தாறாம் தேதி திருச்சியிலிருந்து விமானம். போகும்போது எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனான். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். அவன் முனை திரும்பிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்ததாக மன்றத்தின் நெட் பக்கத்தில் போட்டார்கள். ஷஃபீனா விலகிக்கொண்டாள். பக்கம் விலகவில்லை. இப்போது யார் நடத்துகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை போலகத்திலிருந்து தஹ்ஸீனின் மாமி வந்தார். சுல்தான் பீவி வீட்டுக்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு. பெண் கொடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம், அந்த விசாரணைக்கு இந்தத் தெருவில் என்னை விட்டால் யார். டீ போட்டுக் கொடுத்தேன்.

“பையன் தங்கமான பையன்னு கேள்விப்பட்டோம்” என்று ஆரம்பித்தார். “இடையில ஏதோ வழி தவறிப்போயி திரும்புனாருன்னும் சொல்றாங்க. திரும்புனது நல்லதுதான். இல்லன்னு சொல்லல. எவ்வளவு தூரம் போயிருந்தாருன்னு தெரிஞ்சா...”

“எங்கயும் போகலங்க. ஏ.சி. கடைக்குத்தான் போனான்” என்றேன். பார்சலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் காட்டினேன். இது என் கையெழுத்து, இது என் மகன், அவனுக்கும் ‘ஆம்’, தச்சர் மகனுக்கும் ‘ஆம்’, அந்த ஆறு தேதியும் நான் காலண்டரைப் பார்த்து எழுதியது. எத்தனையோ கதையைக் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லி இந்த ஊரை நம்ப வைத்திருக்கிறேன். இதில் ஒரு சொல் கூட்டவில்லை.

மாமி பொறுமையாகக் கேட்டார். டீயைக் குடித்து முடித்தார்.

“நீங்க நல்ல மனசோட சொல்றீங்க” என்றார். “ஆனா உங்க பையனுக்கு ஆம்னு போட்டும் அவரு கவர்மெண்டு வேலைக்குப் போயிட்டாரு. இவரத்தானே வீடியோ எடுத்தாங்க. ஒண்ணுமே இல்லாமயா எடுப்பாங்க?”

“அது வேறங்க” என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

“அதத்தான் நாங்களும் சொல்றோம்” என்று எழுந்துகொண்டார். போலகம் போக எந்த பஸ் என்று கேட்டார். சொன்னேன்.

மாமி முனை திரும்பும்வரை சுல்தான் பீவி தன் வீட்டுக் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்புகூடப் போடாமல் வந்தாள்.

“போலகத்து மாமிதானே நீலாக்கா? என்ன சொன்னாங்க? நாள் குறிக்கறதப் பத்தி ஏதாச்சும்...”

“டீ நல்லாயிருக்குன்னாங்க” என்றேன்.